இருக்கை மறுக்கப்பெற்ற எழுத்தாளர்

விளையாட்டுக் களத்தில் வெற்றி பெற்றாரை உலகம் விரைந்து அறிந்துகொள்கிறது. அவ்வெற்றியைக் கண்ணாரக் கண்டு, காணாதார்க்கும் காட்டுவதுபோல் எழுதி உதவும் எழுத்தாளரை உலகம் அத்துணை எளிதில் அறிவதில்லை. களத்திலே கால்வைக்கவும் இடம் பெறாதிருந்த ஓர் இனத்தார்க்கு, எழுதுகோல் ஒன்றையே துணையாகக் கொண்டு வழி திறந்துவிட்ட பெரியார் ஒருவர் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே அமெரிக்க நாட்டு விளையாட்டுச் செய்தி எழுத்தாளராகிய வெண்டல் ஸ்மித். அவர்தம் வாழ்க்கை ஒரு சங்கத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. ஆதலின், முதற்கண் அச்சங்கம் தோன்றிய வகையை அறிதல் நலம்.

சங்கம் தோன்றிய வகை

அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் ஆட்டம் பேஸ்பால் என்பது. மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்பெறுவதாகலின், அது நம் நாட்டார் விரும்பும் கிரிக்கெட்டை ஒருவாறு ஒத்திருக்கும். தேசிய லீக், அமெரிக்க லீக் என்னும் இருபெரும் பிரிவுகளில் அணிகள் ஆடும். ஒவ்வொரு பிரிவிலும் முதன்மையுற்ற அணிகள் ஆண்டின் இறுதியில் ஒன்றையொன்று எதிர்க்கும். 1908-ஆம் ஆண்டின் இறுதிப் போட்டி சிக்காகோ அணிக்கும் டெட்ராய்ட் அணிக்கும் நிகழ்ந்தது. அதனைக் கண்டு எழுதப் பல ஊர்களிலிருந்தும் எழுத்தாளர் வந்தனர். வந்தவர்க்கு நல்ல இருக்கை கொடுப்பார் இல்லை. சிக்காகோவில் பார்வையாளர் வரிசைகளுள் கடைசி வரிசையே அவர்க்குக் கிடைத்தது. டெட்ராய்ட்டிலோ ஏணி வழியே ஏறிக் கூரையின்மேல் அமர்ந்து, மழையிலும் பனியிலும் நனைந்துகொண்டே எழுத நேர்ந்தது.

இக்குறையை நீக்கக் கருதிய எழுத்தாளர்கள் அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாள் டெட்ராய்ட் நகரிலேயே கூடி, அமெரிக்கப் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தை நிறுவினர். நாளடைவில் அச்சங்கம் பெருமதிப்புப் பெற்றது. சங்கத்தின் உறுப்பினர் சீட்டு வைத்திருப்பவர்க்கே ஆடுகளத்து எழுத்தாளர் மேடை திறந்தது. 1931-ஆம் ஆண்டு முதல், ஒவ்வொரு லீக்கிலும் அணிக்கு மிகவும் பயன்பட்ட ஆட்டக்காரர் யாவர் எனத் தேர்ந்து பரிசளிக்கும் உரிமை அதற்கு வாய்த்தது. 1936-ஆம் ஆண்டு முதல், கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் அமைந்த புகழ்மன்றத்திற்குரிய ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பும் சேர்ந்தது. இருக்கை இல்லாக் குறையாற் பிறந்தது இச்சங்கம் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்க.

இளமை

சங்கம் தோன்றி ஆறாண்டு சென்றபின், 1914-ஆம் ஆண்டில், அதே டெட்ராய்ட் நகரில் வெண்டல் ஸ்மித் பிறந்தார். அவர் கறுப்பினத்தைச் சார்ந்தவர். அவர்தம் தந்தையார் மோட்டார் வண்டித் தொழிலிற் புகழ்பெற்ற ஹென்றி போர்டு என்பாரிடம் சமையற் பணி புரிந்தவர். மைந்தரோ பேஸ்பால் ஆட்டத்தில் நாட்டமுடையவராய் வளர்ந்தார். பந்தெறிவதில் அவர் கைவன்மை மிக்கவர்.

ஒருநாள் இளைஞர்க்கான போட்டி ஒன்றில் ஸ்மித்தின் பந்தெறியும் திறத்தால் அவரது அணி 1-0 என்னும் கணக்கில் வென்றது. டெட்ராய்ட் அணிக்கு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் பணியாளர் ஒருவர் அவ்வாட்டத்தைக் கண்டிருந்தார். அவர் ஸ்மித்தின் அணியிலிருந்து, பந்து பிடிக்கும் இளைஞரை ஒப்பந்தம் செய்துகொண்டார். எதிரணியில் நின்று தோற்ற பந்தெறிவாளரையும் ஒப்பந்தம் செய்துகொண்டார். வென்றவராகிய ஸ்மித்தை மட்டும் அழைத்து, அவரையும் சேர்த்துக்கொள்ளத் தமக்கு விருப்பமுண்டெனினும், அவர்தம் நிறம் காரணமாக அஃது இயலாது என்று கூறிச் சென்றார். தோற்றவர்க்குக் கிடைத்த இடம் வென்றவர்க்குக் கிடைக்கவில்லை. இளைஞர் உள்ளம் நொந்தது. ஆயினும், நொந்த உள்ளம் வெகுளியால் வெந்து வீணாகவில்லை. தம் இனத்தார்க்கு இந்நிலை நீங்குமாறு ஏதேனும் ஒன்று செய்தே தீர்வது என்று அன்று அவர் உறுதி பூண்டார்.

எழுதுகோல் ஏந்துதல்

மேற்கு வர்ஜீனியா அரசுக் கல்லூரியிற் பயின்று 1937-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற ஸ்மித், அவ்வாண்டே பிட்ஸ்பர்க் நகரத்துக் கூரியர் என்னும் வார இதழிற் சேர்ந்தார். அது கறுப்பின மக்களால் நடத்தப்பெற்று, நாடெங்கும் அம்மக்களாற் படிக்கப்பெற்ற இதழ். சின்னாட்களில் அவர் அதன் விளையாட்டுப் பகுதிக்கு ஆசிரியரானார்.

அக்காலத்தில் பெரும் லீக் அணிகளில் கறுப்பினத்தார் ஒருவரும் இலர். 1884-ஆம் ஆண்டிற்குப் பின் அவர்க்கு அங்கு இடமில்லாமற் போயிற்று. கறுப்பினத்தாரைச் சேர்த்தல் கூடாது என்று எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. எழுதாத உடன்பாடே சட்டத்தினும் வலிதாய் நின்றது. காரணம் வினவியபோது, வெள்ளையின ஆட்டக்காரர் கறுப்பினத்தாரோடு சேர்ந்து ஆட உடன்படார் என்று பழியை ஆட்டக்காரர்மேல் ஏற்றிப் பேசினர் தலைவர்கள்.

ஸ்மித் இதனைக் கேட்டு வாளாவிருந்தார் அல்லர். உண்மை யாதென ஆட்டக்காரரையே வினவி அறியத் துணிந்தார். தேசிய லீக்கின் அணிகள் யாவும் பிட்ஸ்பர்க் நகருக்கு ஆட வந்தே தீரவேண்டும். வருங்கால் அவர்கள் தங்கும் விடுதிக்குச் சென்று, 1939-ஆம் ஆண்டில் ஆட்டக்காரர் நாற்பதின்மரையும், அணிகளின் மேலாளர் எண்மரையும் ஒவ்வொருவராகக் கண்டு வினவினார். அவருட் பெரும்பாலோர் கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்ப்பதில் தமக்குத் தடையில்லை என்று விடையிறுத்தனர். அவ்விடைகளையெல்லாம் அவரவர் பெயருடன் கூரியர் இதழில் வெளியிட்டார் ஸ்மித். பிறர்மேல் பழி சாற்றித் தப்புவார்க்கு அவ்வழி அடைபட்டது. வசைமொழி ஒன்றும் வழங்காமல், மெய்ச்செய்தியைத் திரட்டி வைத்தே பொய்யை வென்ற திறம் எழுதப் புகுவார் யாவரும் கற்கத்தக்கது.

இத்தகையவர்க்கும் எழுத்தாளர் சங்கத்தில் இடம் கிடைக்கவில்லை. கூரியர் நாளிதழ் அன்று என்பது சொல்லப்பட்ட காரணம். உறுப்பினர் சீட்டு இன்மையால் எழுத்தாளர் மேடைக்குச் செல்லும் உரிமையும் இலதாயிற்று. பொதுமக்கள் அமரும் இடத்திலிருந்தே அவர் ஆட்டங்களைக் கண்டு எழுதினார். இருக்கை இல்லாக் குறையாற் பிறந்த சங்கம், தன் பிறப்பை மறந்து, உடன்தொழிலாளர் ஒருவர்க்கு இருக்கை மறுத்தது. ஆயினும், அவர்தம் பணி நின்றுவிடவில்லை.

ஜாக்கி ராபின்சன்

1945-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்மித் கறுப்பின ஆட்டக்காரர் மூவரைப் பாஸ்டன் நகருக்கு அழைத்துச் சென்றார். ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ் என்போர் அம்மூவர். அந்நகரத்து மன்ற உறுப்பினர் ஒருவர் வற்புறுத்தியதனால், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியினர் அவர்களுக்கு ஆட்டத் தேர்வு நடத்த இசைந்தனர். ஏப்ரல் 16-ஆம் நாள் தேர்வு நடந்தது. மூவரும் நன்கு ஆடினர். எனினும் யாதொரு முடிவும் வரவில்லை. பெரும் லீக் அணிகளுள் கறுப்பினத்தார்க்கு இடந்தருவதில் கடைசியாய் நின்றது இந்த அணியே. 1959-ஆம் ஆண்டில்தான் அது முதன்முறையாகக் கறுப்பினத்தார் ஒருவரைச் சேர்த்துக்கொண்டது.

முயற்சி பயனற்றதென்று ஸ்மித் சோர்ந்துவிடவில்லை. திரும்பும் வழியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவராகிய பிராஞ்ச் ரிக்கி என்பாரைக் கண்டார். பெரும் லீக்கில் ஆடத் தகுந்த கறுப்பினத்தார் யாவர் என ரிக்கி வினவ, ஸ்மித் ராபின்சன் பெயரைக் கூறினார். ஆட்டத்திறன் மட்டும் இப்பணிக்குப் போதாது. இகழ்ச்சியைப் பொறுக்கும் ஆற்றலும், கல்வியும், ஒழுக்கமும் வேண்டும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். அவ்வாண்டிலேயே ரிக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்தார்.

1946-ஆம் ஆண்டில் ராபின்சன் டாட்ஜர்ஸின் துணை அணியாகிய மாண்ட்ரியல் அணியில் ஆடினார். அவ்வாண்டு புளோரிடா மாநிலத்தில் பயிற்சி தொடங்கியபோது ஸ்மித் அவருக்கு உற்ற துணையாய் உடன் சென்றார். சான்போர்டு என்னும் ஊரில் வெள்ளையர் சிலர் எச்சரித்தமையால் அவர்கள் அவ்வூரைவிட்டு உடனே நீங்க நேர்ந்தது. விடுதிகளில் இடம் தருவார் இல்லை. உணவகங்களில் உணவு தருவார் இல்லை. தங்கும் வீடு தேடுதல், உணவுக்கு வழி செய்தல், காரோட்டுதல், மனம் தளருங்கால் தேற்றுதல் ஆகிய அனைத்தையும் ஸ்மித் செய்தார். இரவில் தட்டச்சுப் பொறியின்முன் அமர்ந்து, பகலில் நிகழ்ந்தவற்றை உலகறிய எழுதவும் செய்தார்.

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ராபின்சன் புரூக்ளின் அணியின் சார்பாகப் பெரும் லீக் களத்தில் இறங்கினார். அறுபதாண்டுக்கு மேலாக அடைத்திருந்த கதவு அன்று திறந்தது. அவ்வாண்டில்தான் எழுத்தாளர் சங்கம், சிறந்த புதுமுக ஆட்டக்காரர்க்குரிய பரிசை நாடு முழுமைக்குமாக ஏற்படுத்தியது. அதனை முதன்முதலாகப் பெற்றவர் ராபின்சன். வியப்பு யாதெனில், ஆட்டக்காரர்க்கு அச்சங்கம் பரிசு வழங்கிய காலத்தும், அவரைக் கண்டெடுத்துக் காட்டிய எழுத்தாளர்க்கு அதில் இடம் இல்லை.

சங்கத்துள் புகுதல்

பின்னர் ஸ்மித் சிக்காகோ நகரத்து நாளிதழ் ஒன்றிற் சேர்ந்தார். வெள்ளையர் நடத்திய அந்நாளிதழில் கறுப்பினத்தார் ஒருவர் விளையாட்டு எழுத்தாளராதல் அந்நாளிற் புதுமை. நாளிதழ் அன்று என்னும் தடை இப்போது சொல்ல இயலாதாயிற்று. 1948-ஆம் ஆண்டில் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அவ்வாண்டிலேயே சாம் லேசி என்னும் மற்றொரு கறுப்பின எழுத்தாளரும் உறுப்பினரானார்.

தமக்கு இருக்கை கிடைத்துவிட்டதென்று ஸ்மித் அமைந்திருக்கவில்லை. களத்தில் ஒன்றாக ஆடிய ஆட்டக்காரர், புளோரிடாவிற் பயிற்சிக்குச் செல்லுங்கால் நிறத்தால் பிரிக்கப்பட்டு வேறு வேறிடங்களில் தங்கவைக்கப்பட்டனர். கறுப்பினத்தார்க்கு நல்ல விடுதிகள் மறுக்கப்பட்டன. 1961-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்மித் இக்கொடுமையைத் தொடர்ந்து எழுதி வெளிப்படுத்தினார். அதன் பயனாக அணிகள் தம் வழக்கத்தை மாற்றத் தொடங்கின. சிக்காகோ ஒயிட் சாக்ஸ் அணி, ஆட்டக்காரர் யாவரும் ஒருங்கே தங்கும்பொருட்டுச் சரசோட்டா நகரில் விடுதி ஒன்றை விலைகொடுத்தே வாங்கியது.

1964-ஆம் ஆண்டு முதல் ஸ்மித் சிக்காகோவில் தொலைக்காட்சி வாயிலாகவும் விளையாட்டுச் செய்திகளை வழங்கினார். 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் ராபின்சன் மறைந்தார். நோயுற்றிருந்த ஸ்மித் தம் நண்பர்க்கு இரங்கற் கட்டுரை எழுதினார். அவர் இறுதியாக எழுதியவற்றுள் அதுவும் ஒன்று. ஒரு திங்கள் கழிந்து, நவம்பர் 26-ஆம் நாள் அவரும் தம் 58-ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பரிசும் அதன் பெயரும்

பேஸ்பால் எழுத்தில் சிறந்து விளங்கினார்க்கு எழுத்தாளர் சங்கம் 1962-ஆம் ஆண்டு முதல் பெரும் பரிசு ஒன்றை வழங்கி வருகிறது. 1993-ஆம் ஆண்டிற்குரிய அப்பரிசு வெண்டல் ஸ்மித்திற்கு உரியதாயிற்று. அதனைப் பெற்ற முதற் கறுப்பின எழுத்தாளர் அவரே. மறுவாண்டு கூப்பர்ஸ்டவுனில் நடந்த விழாவில், மறைந்த கணவர்க்காக அவர்தம் மனைவியார் அதனைப் பெற்றுக்கொண்டார்.

இங்கு நாம் கருதவேண்டுவது ஒன்றுண்டு. அப்பரிசு அந்நாளில் டெய்லர் ஸ்பிங்க் என்பாரின் பெயரைத் தாங்கியிருந்தது. அவர் புகழ்மிக்க விளையாட்டு இதழ் ஒன்றின் வெளியீட்டாளர். 1942-ஆம் ஆண்டில், கறுப்பினத்தாரும் வெள்ளையரும் தனித்தனியே ஆடுவதே நன்று என அவர் இதழ் தலையங்கம் எழுதியது. எந்தக் கொள்கையை எதிர்த்து ஸ்மித் வாழ்நாளெல்லாம் எழுதினாரோ, அந்தக் கொள்கைக்குத் துணைநின்றவர் பெயராலேயே ஸ்மித்திற்குப் பரிசு கிடைத்தது. 2021-ஆம் ஆண்டில் சங்க உறுப்பினர்கள் இதனை எண்ணிப்பார்த்து, ஸ்பிங்கின் பெயரைப் பரிசினின்றும் நீக்கினர். புதுமுக ஆட்டக்காரர்க்குரிய பரிசோ 1987-ஆம் ஆண்டு முதல் ஜாக்கி ராபின்சன் பெயரால் வழங்குகிறது.

மாணவர்களே! பரிசு என்பது பெறுவாரை மட்டும் அளப்பது அன்று, தருவாரையும் அளப்பது. தகுதியுடையாரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளிருப்பார் தமக்குள் வழங்கிக்கொள்ளும் சிறப்பு, நிறைந்த சிறப்பு ஆகாது. சங்கம் தன் பிழையை உணர்ந்து திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால், அத்திருத்தம் வருவதற்கு முன்னரே, சீட்டும் இல்லாமல் மேடையும் இல்லாமல் தம் கடமையைச் செய்துமுடித்தார் வெண்டல் ஸ்மித். தமக்கு இடம் கிடைக்கும்வரை காத்திராமல், பிறர்க்கு இடம் தேடினார் அவர். உங்கள் பள்ளியிலும் விளையாட்டுக் களத்திலும் தகுதியுடைய ஒருவர் காரணமின்றி ஒதுக்கப்படுவதைக் கண்டால், அவர்க்காக மெய்யை எடுத்துரைக்கும் துணிவு உங்கட்கும் உண்டாகுக.