23 வயசு இசையமைப்பாளர்

சீனாவோட தேசிய கீதம் ஒரு சினிமாப் பாட்டு. நிஜமாத்தான்! இசையமைத்த நியே அர், 1912-ல் குன்மிங் நகரில் பிறந்தவர். ஷாங்காயில் ஒரு நடனக் குழுவில் வயலின் வாசித்துவிட்டு சினிமாவுக்கு வந்தார்.

அப்போ மஞ்சூரியா ஜப்பான் பிடியில். அதை எதிர்க்கும் இளைஞர்களைப் பற்றி ஒரு படம். பாட்டு எழுதிய தியான் ஹானைச் சீன அரசே கைது செய்தது, கம்யூனிஸ்ட் என்று. நியே அரும் கம்யூனிஸ்ட்தான். 1935 ஏப்ரலில் கிளம்பிட்டார். எங்கே? ஜப்பானுக்கே! மெட்டை அங்கிருந்துதான் முடித்து அனுப்பினார். மே மாதம் படம் ரிலீஸ். ஜூலை 17, ஃபுஜிசாவா கடலில் நீந்தப் போனவர் மூழ்கிவிட்டார். வயசு 23. நமக்கு ரெண்டு வருஷம் சீனியர், அவ்வளவுதான்.

1941-ல் அமெரிக்கப் பாடகர் பால் ராப்சன் அந்தப் பாட்டை ரெக்கார்டு போட்டார். 1949-ல் அது தேசிய கீதம் ஆச்சு. கலாச்சாரப் புரட்சியில் தியான் ஹான் மறுபடி சிறைக்குப் போக, வரிகள் இல்லாமல் மெட்டு மட்டும் ஒலித்தது.

அந்தக் கடற்கரையில் ஜப்பான்காரங்க 1954-லேயே அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். ரெண்டு நாட்டுக்கும் தூதரக உறவு வந்ததே 1972-ல்தான். 1981-ல் ஃபுஜிசாவாவும் குன்மிங்கும் சகோதர நகரங்கள் ஆகின.