கென்னடியை வாட்டிய முதுகு வலி

மேடையில் ஏறினால் புன்சிரிப்பு. ஆள் இல்லாத இடத்தில் ஊன்றுகோல்! அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடியின் கதை இது.

இளம் வயதிலேயே அவருக்கு முதுகு வலி உண்டு. 1943-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், யுத்தத்தின் நடுவே, அவருடைய போர்ப் படகை ஜப்பானியக் கப்பல் மோதி இரண்டாகப் பிளந்தது. தீக்காயம் பட்ட மாலுமி ஒருவரின் மிதவைச் சட்டை வாரைப் பல்லால் கடித்து இழுத்தபடி, பல மணி நேரம் நீந்தி ஒரு தீவில் கரை சேர்ந்தார் கென்னடி. மாலுமி பிழைத்தார். கென்னடியின் முதுகு இன்னும் கெட்டது.

வலி இடது காலுக்கும் இறங்கியது. முதுகெலும்பின் வட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்று 1944-ல் ஆபரேஷன் செய்தார்கள். பலன் இல்லை. 1954-ல் நியூயார்க்கில் மீண்டும் ஆபரேஷன். முதுகில் உலோகத் தகடு வைத்தார்கள். புண் சீழ் பிடித்தது. நினைவு தப்பியது. பாதிரியார் வந்து இறுதிப் பிரார்த்தனையும் செய்துவிட்டார்! எப்படியோ பிழைத்தார். தகட்டை 1955-ல் எடுத்தார்கள்.

மரத்துப்போகும் ஊசி

அந்த ஆண்டு முதல் ஜேனட் டிராவல் என்ற பெண் டாக்டர் வைத்தியம் செய்தார். பல் பிடுங்குமுன் ஈறு மரத்துப்போக ஊசி போடுவார்களே, அந்த வகை மருந்து. பெயர் புரோகெயின். இறுகிய தசையில் குத்தினால் வலி அடங்கும். மருந்தின் வேகம் குறைந்ததும் திரும்பி வரும். மறுபடியும் ஊசி! அதுவும் போதாத நாட்களில் கோடீன், டெமரால் போன்ற அபின் குணமுள்ள மருந்துகள்.

1961 மே மாதம் கனடாவில் ஒரு மரம் நட்டார். மண்வெட்டியால் மண் அள்ளியதும் முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்த மாதம் வியன்னாவில் ரஷ்யத் தலைவர் குருஷ்சேவைச் சந்திக்க வேண்டும். மாக்ஸ் ஜேகப்சன் என்ற டாக்டர் கூடவே போய் ஊசி போட்டார். அதில் இருந்தது ஆம்பிடமின். உற்சாகம் ஊட்டும், பழக்கமாகிவிடும் மருந்து அது. உலக சமாதானம் பேசப் போனவருக்கு இப்படி ஒரு மருந்தா? ஜேகப்சனின் டாக்டர் உரிமம் 1975-ல் பறிக்கப்பட்டது.

வந்தார் கிராஸ்

அக்டோபரில் ஹான்ஸ் கிராஸ் என்ற டாக்டர் வந்தார். மலையேறுவதில் கெட்டிக்காரர். முகத்துக்கு நேரே பேசுபவர். ஊசியை நிறுத்தி உடற்பயிற்சி செய்யாவிட்டால் முடமாக வேண்டியதுதான் என்று ஜனாதிபதியிடமே சொல்லிவிட்டார். வாரம் பல நாள் பயிற்சி. வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் மெல்ல வலுப்பட்டன. 1962-ல் நன்றாகத் தேறினார்.

அவர் சாப்பிட்ட மருந்துகளின் முழுக் கணக்கு 2002-ல்தான் உலகுக்குத் தெரிந்தது.

ஆனாலும் இடுப்புக் கச்சையை மட்டும் அவர் கைவிடவில்லை. 1963 நவம்பர் 22-ந்தேதி டல்லாஸ் நகரில் காரில் போனபோது சுடப்பட்டு இறந்தாரே, அன்றும் அதை இறுக்கிக் கட்டியிருந்தார்.