பிரேமே கிடைக்காத சைக்கிள்

சைக்கிள் வாங்கினால் அதன் பிரேமில் ஓர் எண் அடித்திருக்கும். ஆசனத்துக்குக் கீழே உள்ள குழாயிலோ, பெடல் அச்சுக்கு அடியிலோ அதைப் பார்க்கலாம். முன்பக்கத்தில் கம்பெனியின் முத்திரைத் தகடு இருக்கும். மிகப் பழைய சைக்கிள் ஒன்று எங்கேயாவது கிடைத்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் இந்த இரண்டையும்தான் தேடுவார்கள். யார் செய்த வண்டி, எத்தனை வயது என்பதற்கு இவைதான் முதல் சாட்சி.

ஆனால், காலால் மிதித்து ஓட்டும் சைக்கிளை உலகிலேயே முதலில் செய்தவர் என்று புகழ் பெற்றவரின் வண்டியில் இவற்றைத் தேட வழியில்லை; அந்த வண்டியே கிடைக்கவில்லை. அதனால் எழுந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை!

அவர் பெயர் கிர்க்பாட்ரிக் மக்மில்லன்.

கொல்லர் மகன்

ஸ்காட்லாந்து நாட்டின் தெற்கே டம்பிரீஸ் என்ற வட்டாரம் இருக்கிறது. அங்குள்ள கீர் என்ற சிற்றூரில் 1812-ம் ஆண்டு மக்மில்லன் பிறந்தார். தந்தை கொல்லர். கோர்ட்ஹில் என்ற இடத்தில் அவருக்குப் பட்டறை இருந்தது. குதிரைக்கு லாடம் கட்டுவதும், கலப்பைக்குக் கொழு அடிப்பதும்தான் வேலை. மகனும் துருத்தி ஊதி, சம்மட்டி பிடித்து, அதே தொழிலைக் கற்றார்.

நல்ல உடற்கட்டு உள்ளவர். கலகலப்பாகப் பழகுவார். ஊரில் யாருக்காவது பல்வலி வந்தால் மக்மில்லனைத்தான் தேடிப் போவார்களாம். குறடு அவரிடம்தானே இருந்தது!

அந்தக் காலத்தில் ஒரு விசித்திர வண்டி இருந்தது. இரண்டு சக்கரம், நடுவில் ஒரு கட்டை. ஆள் அதன்மேல் உட்கார்ந்து, இரு காலாலும் தரையை உந்தித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். 1817-ம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் செய்த வண்டி அது. அதைப் போன்ற ஒன்றை மக்மில்லன் பார்த்தார். தாமும் ஒன்று செய்துகொண்டார். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கால் தரையில் படாமலே இதை ஓட்ட முடியாதா என்று யோசிக்கத் தொடங்கினார்.

முன்னும் பின்னும் மிதி

யோசனை பலித்தது. 1839-ம் ஆண்டு வாக்கில் புதிய வண்டி தயாரானது என்பது அந்த ஊர் வழக்கு.

சட்டம் முழுவதும் மரம். சக்கரங்களும் மரம்தான்; சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டிருந்தார். சங்கிலி கிடையாது. முன்பக்கத்தில் இரண்டு மிதிகள் ஊஞ்சல்போலத் தொங்கின. அவற்றிலிருந்து இரண்டு நீண்ட கம்பிகள் பின் சக்கரத்துக்குப் போயின. சக்கரத்தின் அச்சில் வளைந்த கைபோன்ற இரும்பு இருந்தது. காலை முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தள்ளினால், கம்பி இழுக்கும், சக்கரம் சுழலும். தையல் இயந்திரத்தின் மிதியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வண்டியின் எடை சுமார் 25 கிலோ என்று சொல்வார்கள். இதில் ஏறிக்கொண்டு, 14 மைல் தொலைவில் உள்ள டம்பிரீஸ் நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவாராம். ஊரார் அவருக்குப் பைத்தியக்காரன் என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

5 ஷில்லிங் அபராதம்

1842-ம் ஆண்டு ஜூன் மாதம் கிளாஸ்கோ நகரில் ஒரு சம்பவம் நடந்தது. புதுமாதிரி வண்டியில் ஒருவர் வந்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. வண்டி நடைபாதையில் ஏறி ஒரு குழந்தையின் மேல் மோதியது. குழந்தைக்குப் பெரிய காயம் இல்லை. ஆனாலும் வண்டிக்காரரைக் கோர்ட்டில் நிறுத்தி 5 ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். ஓல்ட் கம்னாக் என்ற ஊரிலிருந்து 40 மைல் தூரத்தை 5 மணி நேரத்தில் கடந்து வந்ததாக அவர் சொன்னார். இது பத்திரிகையில் வந்த செய்தி.

அந்த மனிதர் மக்மில்லன்தான் என்பது ஊர் நம்பிக்கை. மாஜிஸ்திரேட்டே மனம் மகிழ்ந்து அபராதத் தொகையை ரகசியமாக அவர் கையில் கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. கதை அழகாகத்தான் இருக்கிறது!

மக்மில்லன் தம் வண்டிக்குப் பேட்டண்ட் உரிமை வாங்கவில்லை. விற்றுப் பணம் சம்பாதிக்கவும் இல்லை. பட்டறைக்குத் திரும்பி லாடம் அடித்துக்கொண்டிருந்தார். 1854-ம் ஆண்டு எலிசபெத் கோல்டி என்ற பெண்ணை மணந்தார். 1878-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி காலமானார்.

வேறொருவர் பெயர்

இதற்கிடையில், லெஸ்மகாகோ என்ற ஊரில் கேவின் டால்செல் என்பவர் இருந்தார். பீப்பாய் செய்யும் தொழில் தெரிந்தவர். 1845-ம் ஆண்டையொட்டி அவரும் இதேபோன்ற மர வண்டி ஒன்றைச் செய்து ஓட்டினார். அவர் 1863-ம் ஆண்டு இறந்தார். வண்டி மட்டும் பத்திரமாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்த வண்டியைப் பார்த்தவர்கள், முதல் சைக்கிளைச் செய்தவர் டால்செல்தான் என்று முடிவு கட்டினார்கள். மக்மில்லன் பெயர் வெளியூர்களில் யாருக்கும் தெரியாது.

அப்போது கிளம்பினார் ஜேம்ஸ் ஜான்ஸ்டன். கிளாஸ்கோ நகரத் தானிய வியாபாரி. சைக்கிள் பிரியர். மக்மில்லனுக்கு உறவினரும்கூட. அவர் கீர் வட்டாரம் முழுவதும் அலைந்தார். இளமையில் மக்மில்லன் வண்டியைக் கண்ணால் கண்ட முதியவர்களைத் தேடிப் பிடித்தார். வாக்குமூலங்களைச் சேர்த்துப் பத்திரிகைகளுக்கு எழுதினார். டால்செல் வண்டிக்கு மூலமே மக்மில்லன் வண்டிதான் என்று வாதாடினார். 1892-ம் ஆண்டு டால்செல்லின் மகனே அதை ஒப்புக்கொண்டார். சொந்தத் தந்தையின் பெருமையை விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

குழப்பத்துக்கு மேல் குழப்பம்

மக்மில்லன் வென்றார். ஆனால் காட்ட வண்டி இல்லை. கில்மார்னாக் நகரில் தாமஸ் மக்கால் என்ற தொழிலாளி இருந்தார். சிறுவயதில் மக்மில்லன் வண்டியைப் பார்த்தவராம். 1869-ம் ஆண்டே இத்தகைய வண்டிகளைச் செய்து விற்றவர். அவரைக் கொண்டு மாதிரி வண்டி ஒன்று செய்யப்பட்டு, 1896-ம் ஆண்டு லண்டன் சைக்கிள் கண்காட்சியில் வைக்கப்பட்டது. நாளடைவில் மக்கால் செய்த வண்டியையே மக்மில்லன் செய்தது என்று பலரும் எண்ணிவிட்டார்கள். புத்தகங்களில் மக்மில்லன் சைக்கிள் என்று வரும் படங்களில் பலவும் மக்கால் மாதிரிதான். 1869-ல் செய்த வண்டியின் உருவத்துக்கு 1839 என்று வயது போட்டுவிட்டார்கள்! 30 ஆண்டு வித்தியாசம்!

பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பழைய கிளாஸ்கோ செய்தியையும் எடுத்து ஆராய்ந்தார்கள். அதில் ஓட்டியவரின் பெயர் இல்லை. டம்பிரீஸ் வட்டாரத்துக் கனவான் என்று மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு கொல்லரைக் கனவான் என்று எழுதுவார்களா? மேலும், வண்டியின் சக்கரம் கையால் சுற்றப்பட்டது என்று செய்தி சொல்கிறது. காலால் மிதித்ததாக இல்லை. முதியவர்களின் சாட்சியும் 50 ஆண்டு கழித்து ஞாபகத்திலிருந்து சொன்னது. ஆண்டுக் கணக்கு தவறியிருக்கலாம் அல்லவா?

நிருபர் அவசரத்தில் தப்பாக எழுதியிருக்கலாம் என்று மக்மில்லன் கட்சிக்காரர்கள் பதில் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஓடும் வண்டியைக் கூட்டத்துக்கு நடுவில் பார்த்தவர்களுக்குக் கை எது, கால் எது என்று எப்படித் தெரியும்? ஆனால் கனவான் என்ற சொல்லுக்கு இத்தனை எளிதாகப் பதில் சொல்லிவிட முடியவில்லை.

டால்செல் செய்த வண்டி கிளாஸ்கோ நகரக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. மக்காலின் கைவேலையும் தப்பிப் பிழைத்தது. கோர்ட்ஹில் பட்டறையில் மக்மில்லன் செய்ததாகச் சொல்லப்படும் அந்த வண்டியின் ஒரு மரச் சட்டமோ, ஒரு மிதியோ, சக்கரத்துப் பட்டையின் ஒரு துண்டோ யார் கையிலும் அகப்படவில்லை. பட்டறைச் சுவரில் மக்மில்லன் பெயரைத் தாங்கிய நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது.