பூமியின் போர்வையைக் கண்டவர்



பூமி சூடேறுகிறது என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. இந்தப் பேச்சுக்கு முதல் விதை போட்டவர்களுள் ஒருவர், துறவு மடத்தில் வார்த்தைப்பாடு கொடுக்கும் வாசல்வரை சென்று திரும்பியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஜோசப் ஃபூரியே 1768-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஒசேர் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தாயும் தந்தையும் இறந்துபோயினர். புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் நடத்திய பள்ளியில் படித்தார். எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைச் சேர்த்துவைத்து, இரவில் எல்லாரும் தூங்கியபின் அந்த வெளிச்சத்தில் கணக்குப் போடுவாராம்.

1787-இல் லுவார் நதிக்கரையில் இருந்த புனித ஆசீர்வாதப்பர் மடத்தில் நவதுறவியாகச் சேர்ந்தார். செபமா, கணிதமா என்று மனம் ஊசலாடியது. அவர் முடிவெடுக்குமுன் 1789-இல் புரட்சி வெடித்தது. புதிதாக வார்த்தைப்பாடு கொடுப்பதை அரசு தடுத்தது. அவர் மடத்தைவிட்டு வெளியேறினார். புரட்சியில் சேர்ந்தார். அநியாயமாகத் தாக்கப்பட்டவர்களுக்காகப் பரிந்து பேசியதால், அதே புரட்சி 1794-இல் அவரைச் சிறையில் தள்ளியது. ரொபெஸ்பியர் வீழ்ந்ததால் தலை தப்பியது.

1798-இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனார். திரும்பி வந்தபின் கிரெனோபிள் பகுதிக்கு ஆட்சியராக இருந்து, காய்ச்சலைப் பரப்பிய பூர்கோவான் சதுப்பு நிலங்களை வற்றவைத்தார். எகிப்திய வெயிலுக்குப் பழகியவர், கோடையிலும் கனத்த உடை அணிந்து, அறையை அடுப்புப்போல் வைத்திருப்பாராம்!

வெப்பம்தான் அவருடைய ஆராய்ச்சியும். 1824-இல் அவர் எழுப்பிய கேள்வி எளியது. சூரியன் நாள்தோறும் வெப்பம் தருகிறதே, பூமி ஏன் கொதித்துவிடவில்லை? பெற்றதைப் பூமி கண்ணுக்குத் தெரியாத வெப்பமாக வானவெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் சூரிய ஒளி காற்று மண்டலத்திற்குள் எளிதாக நுழைகிறது. தரையிலிருந்து எழும் வெப்பம் அவ்வளவு எளிதாக வெளியேறுவதில்லை. இந்தப் போர்வை இல்லையேல் பூமியின் சராசரி வெப்பம் சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி அளவில் இருந்திருக்கும் என்பது இன்றைய கணக்கு. இன்று இருப்பதோ ஏறத்தாழ 15 டிகிரி. குருமடத்தில் கணிதத்தைக் கண்டு ஓடிய என் போன்றோருக்கும் இது புரிகிறது.

அவர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடவில்லை. வானவெளியின் குளிரை மிகவும் குறைத்து மதிப்பிட்டார். எந்த வாயு வெப்பத்தைப் பிடிக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. ஆனால் மனித சமுதாயம் நிலத்தையும் நீரோட்டத்தையும் மாற்றுவதால், நூற்றாண்டுகள் செல்லச்செல்ல ஓர் இடத்தின் வெப்பநிலையும் மாறக்கூடும் என்று அன்றே எழுதினார். சதுப்பு நிலத்தை வற்றவைத்தவருக்கு அது ஏட்டறிவு மட்டுமல்ல என்று நினைக்கிறேன்.

நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தைப் பிடிக்கின்றன என்பதை 1859-இல் டிண்டல் அளந்து காட்டினார். நிலக்கரிப் புகை பூமியைச் சூடாக்கும் என்று 1896-இல் அரீனியஸ் கணக்கிட்டார். தொழிற்புரட்சிக்குமுன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் நம்மிடம் பேசியதும் இதைப்பற்றித்தான்.

ஃபூரியே 1830-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் பாரிசில் இறந்தார். பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், எகிப்திய வேலைப்பாடு கொண்ட கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.