பழுது பார்த்தவரின் பயணம்

பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் என்பதால் ஜோஷுவா ஸ்லோக்கமின் பெயர் வரலாற்றில் நிலைத்திருக்கிறது. அவருடைய துணிச்சல் பலராலும் போற்றப்பட்டிருக்கிறது. ஆனால், அந்தத் துணிச்சலைக் கடலில் மிதக்கவைத்தது, உளுத்ததை அகற்றி, தளர்ந்ததை இறுக்கி, அறுந்ததை மாற்றும் சலியாத வேலை. பொருளியல் வகுப்பில் தேய்மானத்தைப் பற்றிப் பல்லாண்டு பாடம் நடத்தியவன் என்ற முறையில், அவர் வாழ்க்கையை இந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது எனக்கு வழக்கம்.

ஸ்லோக்கம் 1844 பிப்ரவரி 20 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். தந்தை மீனவர்களுக்குக் காலணி தைப்பவர். மகனுக்கோ கடல்மீதே கண். பதினாறு வயதில் வீட்டை விட்டு வெளியேறியவர், சாதாரண மாலுமியாகத் தொடங்கிப் படிப்படியாகக் கப்பல் தலைவராக உயர்ந்தார். 1871-இல் சிட்னியில் வர்ஜீனியாவை மணந்தார். கணவருடன் கப்பலிலேயே வாழ்ந்து, அங்கேயே பிள்ளைகளையும் வளர்த்த அந்த அம்மையார் 1884-இல் காலமானார்.

அதன்பின் இழப்புகள் தொடர்ந்தன. 1887-இல் அவருக்குச் சொந்தமான அக்விட்னெக் என்ற கப்பல் பிரேசில் கரையோரத்தில் தரைதட்டிச் சிதைந்தது. காப்பீடு இல்லை, கையில் பணமும் இல்லை. முப்பத்தைந்து அடி நீளத்தில் ஒரு படகைத் தம் கையாலேயே கட்டி, இரண்டாவது மனைவியையும் இரு மகன்களையும் அதில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா திரும்பினார். அப்போது நீராவிக் கப்பல்கள் கடலை ஆளத் தொடங்கியிருந்தன. பாய்மரக் கப்பலை மட்டுமே அறிந்த தலைவருக்கு வேலை கிடைக்கவில்லை.

1892-இல் நண்பரான முதிய கப்பல் தலைவர் ஒருவர் அவருக்கு ஒரு படகை இலவசமாகக் கொடுத்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபேர்ஹேவனில் புல்வெளியொன்றில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டு, கித்தான் போர்த்தப்பட்டு, ஏழாண்டுகளாகக் கிடந்த கிழட்டுப் படகு அது. பெயர் ஸ்பிரே. அதை உடைத்து விறகாக்கத்தான் போகிறார் என்று ஊரார் நினைத்தனர்.

ஸ்லோக்கம் அருகிலிருந்த ஓக் மரத்தை வெட்டி அடிக்கட்டை இழைத்தார். விலா மரங்கள், பலகைகள், மேல்தளம், பாய்மரம் என ஒவ்வொன்றாகப் பழையது போய்ப் புதியது வந்தது. பதின்மூன்று மாத உழைப்பு. பொருள்களுக்கான செலவு 553 டாலர் 62 சென்ட். முடிவில் பழைய மரம் ஏறத்தாழ எதுவும் மிஞ்சவில்லை. ஆயினும், சிறிது சிறிதாகப் புதுப்பிக்கப்பட்ட கப்பல் அதே கப்பல்தான் என்பதே அவர் கொள்கை. படகின் பெயரை அவர் மாற்றவில்லை.

1895 ஏப்ரல் 24 அன்று, ஐம்பத்தோராம் வயதில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். வழிநெடுகிலும் பழுதுபார்ப்பு தொடர்ந்தது. பியூனஸ் அயர்ஸில் பாய்மரத்தைக் கழற்றி ஏழு அடியும், முன்முனையில் நீண்டிருந்த மரத்தில் ஏறக்குறைய ஐந்து அடியும் குறைத்தார். மகெல்லன் நீரிணையைக் கடந்து பசிபிக்கில் நுழைந்ததும் புயல் பெரிய பாயைக் கிழித்தெறிந்தபோது, ஊசியும் நூலுமாக உட்கார்ந்து தைத்தார். பின்புறம் ஒரு சிறு பாய்மரத்தையும் சேர்த்தார். டாஸ்மேனியாவில் படகைக் கரையேற்றி, மரத்தைத் துளைக்கும் கடற்புழு நுழைந்திருக்கிறதா என அடிப்பகுதி முழுவதையும் சோதிக்கச் செய்து, தாமிரப் பூச்சு பூசினார்.

பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னும் பக்கங்களிலும் இழுத்துக் கட்டிய கயிறுகளே அதைத் தாங்குகின்றன. அக்கயிறுகளின் உயிர் வளையங்களிலும் கப்பிகளிலும் முடிச்சுகளிலும் இருக்கிறது. ஒன்று விட்டுப்போனால் அதன் சுமை மற்றவற்றின் மேல் விழும். பார்வைக்கு நன்றாக இருக்கும் கயிறு, உப்புநீர் ஊறிய இடத்தில் உள்ளுக்குள் இற்றுப் போயிருக்கலாம்.

மூன்றாண்டுச் சுமையின் கணக்கு 1898 ஜூன் மாதம், வீடு நெருங்கும் வேளையில் வந்தது. பெரிய பாயின் கயிற்றைப் பிடித்திருந்த வார் அறுந்தது. அடுத்து, பாயின் மேல்மரத்திலிருந்த கப்பி உடைந்தது. அவற்றைச் சரிசெய்து சில நாள்கூடக் கடக்கவில்லை; பாய்மர உச்சியிலிருந்த முன்கயிறு அறுந்து, பாயோடு கடலில் விழுந்தது. பாய் படகுக்கடியில் சிக்குவதற்குள் அவர் அதை வாரியெடுத்தார். அந்தக் கொந்தளிப்பில் உச்சிக்கு ஏறினால் ஆடும் பாய்மரமே முறிந்துவிடும். ஆகவே கீழிருந்தபடியே கப்பிகளைப் பூட்டி இறுக்கிப் பாய்மரத்தை நிலைப்படுத்தினார். ஜூன் 27 அன்று நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தார். கடந்த தொலைவு ஏறக்குறைய 46,000 மைல்.

புகழ் வந்தது. 1900-இல் வெளியான அவருடைய பயண நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. 1901-இல் பஃபலோ நகரக் கண்காட்சியில் ஸ்பிரேயை மக்கள் வந்து பார்த்தனர். அவர் நிலம் வாங்கி விவசாயமும் செய்து பார்த்தார். மனம் நிலத்தில் ஒட்டவில்லை. குளிர்காலங்களில் மீண்டும் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் படகைச் செலுத்தினார்.

ஆனால், அந்த ஆண்டுகளில் ஸ்பிரேயைக் கண்டவர்கள் அதன் கயிறுகளும் மரமும் பழைய பேணுதலை இழந்திருந்ததைக் கவனித்தனர். வயது காரணமாக இருக்கலாம். வருவாய்க் குறைவு காரணமாக இருக்கலாம். ஒருநாள் தெற்கு நோக்கிப் புறப்பட்ட படகும் மனிதரும் திரும்பவே இல்லை. 1909 நவம்பர் 14 அன்று அவர் இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் 1924-இல் அறிவித்தது. மூழ்கக் காரணம் கயிறா, புயலா, இரவில் மோதிய நீராவிக் கப்பலா என்பது எவருக்கும் தெரியாது. அதனால் அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். பராமரிப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செலவு அன்று. பயணம் உள்ளவரை தொடரும் செலவு. புதிய பாலத்துக்குத் திறப்பு விழா உண்டு. பழைய பாலத்தின் துருப்பிடித்த ஆணியை உரிய காலத்தில் மாற்றியவருக்கு மாலை கிடையாது. அதனால்தான் நிதி குறையும்போதெல்லாம் முதலில் வெட்டப்படுவது பராமரிப்புச் செலவாக இருக்கிறது. கைவிடப்பட்ட ஒரு படகை 553 டாலரில் உலகம் சுற்றவைத்தவரின் வாழ்க்கை, அந்த ஆணியை மாற்றுபவருக்கு நாம் பட்டிருக்கும் கடனை நினைவூட்டுகிறது.