பருத்திக் காட்டுப் பாடகர்

கண்ணாடியில் தம் முகத்தைக் காணாதவர் இல்லை. ஆனால் தம் குரலைத் தாமே கேட்கும் வாய்ப்பு ஒரு காலத்தில் மிகச் சிலருக்கே கிட்டியது. அவ்வாறு ஒரு நாள் தம் குரலைக் கேட்டு, அதனால் தம் மதிப்பை உணர்ந்து, வாழ்வின் திசையையே மாற்றிக்கொண்ட ஒரு தொழிலாளியின் வரலாறு இது. உலகம் அவரை மடி வாட்டர்ஸ் என்று அறியும்.

இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பிறந்த நாள் ஏப்ரல் 4. ஆண்டு 1913 என்பர் ஆய்ந்தோர். 1915 என்றே அவர் சொல்லிவந்தார். இளமையிலேயே தாயை இழந்த அவரைப் பாட்டி வளர்த்தார். ஓடைச் சேற்றில் ஓயாமல் விளையாடிய பிள்ளைக்குச் சேறு என்னும் பொருள்பட 'மடி' என்று செல்லப்பெயர் அமைந்தது. பின்னர் அதனோடு 'வாட்டர்ஸ்' என்பதும் சேர்ந்து, சேற்றுநீர் என்பதே உலகறிந்த பெயராயிற்று.

கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகே ஸ்டோவல் என்னும் பெரிய பருத்திப் பண்ணை. அங்கே கறுப்பின மக்கள் வாரத்துக்குப் பயிரிட்டும் கூலிக்கு உழைத்தும் காலம் தள்ளினர். தம் துயரையும் காதலையும் கேலியையும் அவர்கள் பாடிய பாட்டு வகையே 'புளூஸ்'. முதலில் மவுத் ஆர்கன் வாசித்த மடி, 17 வயதளவில் கிதாருக்கு மாறினார். வீட்டிலிருந்த கடைசிக் குதிரையை விற்று, அதில் தம் பங்கிலிருந்து ஏறத்தாழ இரண்டரை டாலர் கொடுத்துத் தம் முதற் கிதாரை வாங்கினார். புட்டியின் கழுத்துத் துண்டை விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி, கருவியை அழவைக்கும் கலையை, சன் ஹவுஸ் என்னும் மூத்த பாடகர் வாசிக்கப் பார்த்துப் பழகினார்.

1941 ஆகஸ்டில் இருவர் அவரைத் தேடி வந்தனர். ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் நாட்டுப் பாடல்களைத் தொகுத்த ஆலன் லோமாக்ஸ். மற்றவர், கறுப்பின மாணவர்க்கென அமைந்த பிஸ்க் பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியர் ஜான் வொர்க். வொர்க்கின் பங்கு நெடுங்காலம் உரிய அளவில் பேசப்படாமலே கிடந்தது. மறைவாகச் சாராயமும் விற்றுவந்த மடிக்கு, வந்தவர் சுங்க அதிகாரியோ என்ற ஐயம்! ஐயம் தெளிந்ததும் தம் குடிசையிலேயே அமர்ந்து பாடினார். பாடியதைத் திரும்ப ஒலிக்கக் கேட்டபோது, இசைத்தட்டுகளில் பாடும் எவருக்கும் தாம் குறைந்தவர் அல்லர் என்று உணர்ந்தார். பின்னர் வந்து சேர்ந்தவை இரண்டு தட்டுகளும் 20 டாலரும். காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியில் தம் தட்டையே வைத்துக் கேட்டு மகிழ்ந்தார்.

அப்போது அவர் டிராக்டர் ஓட்டிப் பெற்ற கூலி மணிக்கு 22½ சென்ட். 25 சென்ட் கேட்டார், மறுத்தனர். 1943இல் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். பிழைப்புத் தேடி வடக்கு நோக்கிச் சென்ற இலட்சக்கணக்கான தென்னாட்டுக் கறுப்பின மக்களுள் அவரும் ஒருவர். பகலில் ஆலை வேலை, லாரி ஓட்டும் வேலை. இரவில் மதுக்கடைகளில் பாட்டு. அங்கிருந்த இரைச்சலில் பழைய கிதாரின் ஒலி எடுபடவில்லை. ஆதலின் மின்கிதாரைக் கையில் எடுத்தார். பட்டிக்காட்டுப் பாட்டு நகரத்துக் குரலைப் பெற்றது இவ்வாறுதான்.

குடிசையில் பாடிய பாட்டு ஒன்றையே புதுக்கி 1948இல் 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைடு' என்னும் தட்டாக வெளியிட்டார். அது விரைவில் விற்றுத் தீர்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அவர் குழு சிகாகோவின் தலையாய குழுவாயிற்று. ஆனால் அக்காலத் தட்டு மூன்று நிமிடமே பாடும். அவையைப் பார்த்துப் பாட்டை நீட்டுவதும், அவை ஆரவாரிக்க மீண்டும் எடுப்பதும் அதற்குள் அடங்குமா?

அக்குறை 1960 ஜூலை 3 அன்று தீர்ந்தது. நியூபோர்ட் இசைவிழாவில் முந்தைய இரவு, இடம் கிடைக்காத இளைஞர் கலகம் செய்தனர். நகராட்சி விழாவை நிறுத்த முடிவு செய்தது. எனினும் ஞாயிறு பிற்பகல் புளூஸ் நிகழ்ச்சி நடந்தது. மடி 'காட் மை மோஜோ வொர்க்கிங்' என்னும் பாட்டைப் பாடி முடித்தார், அவை விடவில்லை, மீண்டும் பாடினார். அந்நிகழ்ச்சியின் பதிவு அவ்வாண்டே நெடுந்தட்டாக வெளிவந்து, புளூஸ் என்றால் என்னவென்றே அறியாத பலருக்கு அதன் வாயிலைத் திறந்தது.

புகழ் வளர்ந்தது, துன்பமும் உடன் வந்தது. 1969 அக்டோபரில் நேர்ந்த கார் விபத்தில் எலும்புகள் முறிந்தன. மாதக்கணக்கில் படுத்துத் தேறி மீண்டும் மேடையேறினார். 1971இல் சிகாகோவின் மிஸ்டர் கெல்லிஸ் விடுதியில் பதிவான தட்டு அதற்குச் சான்று. தம் பாடல்களுக்குரிய பங்குத்தொகை சரிவர வரவில்லை என்று 1970களில் பாடல் பதிப்பகத்தின்மேல் வழக்கும் தொடுத்தார். அது உடன்பாட்டில் முடிந்தது. இரண்டரை சென்ட் உயர்வு கேட்ட அதே மனிதர்தாம்!

ஜானி வின்டர் என்னும் இளைய கிதார் கலைஞர் தயாரிக்க, 1979இல் வெளிவந்த மேடைப்பதிவு கிராமி விருது பெற்றது. 1981 நவம்பர் 22 அன்று சிகாகோவின் செக்கர்போர்டு லவுஞ்ச் என்னும் சிறு விடுதியில் அவர் பாடிக்கொண்டிருக்க, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் மேடையேறி உடன் பாடினர். தம் குழுவின் பெயரையே அவர் பாட்டொன்றிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அப்பதிவு 2012இல் வெளிவந்தது. அவரோ 1983 ஏப்ரல் 30 அன்று உறக்கத்திலேயே இயற்கை எய்திவிட்டார்.

நண்பர்களே, அவர் பாடிய குடிசையின் மரச்சட்டம் கிளார்க்ஸ்டேலில் உள்ள புளூஸ் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. காணச் செல்வது நம்மில் எத்தனை பேருக்கு இயலும்? ஆனால் கேட்பது எளிது. 1941இன் குடிசைப் பதிவு, 1960இன் நியூபோர்ட், 1981இன் சிகாகோ விடுதி: இம்மூன்றையும் ஒரே மாலையில் வரிசையாகக் கேளுங்கள். நாற்பது ஆண்டுகளில் கருவி மாறியது, ஊர் மாறியது, அவையும் மாறியது. தம் உழைப்பின் விலையை அறிந்த மனிதரின் குரல் மட்டும் தாழவே இல்லை. ஊரை விட்டு வந்து இங்கே படிக்கும் நமக்கு அக்குரல் அயலாகத் தோன்றாது.