கட்டம்போட்ட சட்டையும் தையல்காரர் மகனும்

மேலநீலிதநல்லூர் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் பொடிக்கட்டம் போட்ட சட்டை அலையடிக்கிற மாதிரி தெரியுதா? பொடிக் கோடுகளை முதலில் வடிகட்டாமல் படத்தைச் சின்னதாக்கினால் இப்படித்தான் ஆகும்!

இந்த வடிகட்டலுக்கு அடித்தளம் போட்டவர், 1768-ல் பிரான்ஸில் பிறந்த ஜோசப் ஃபூரியே. தையல்காரர் மகன், சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்தவர். பிரெஞ்சுப் புரட்சி நேரத்தில் சிறைக்கும் போனார். பிறகு நெப்போலியனோடு எகிப்து பயணம்.

வெப்பம் எப்படிப் பரவுதுன்னு ஆராய்ந்தவர், சிக்கலான வடிவத்தையும் எளிய அலைகளாகப் பிரிக்கலாம் என்று 1807-ல் எழுதிக் கொடுத்தார். கணித மேதை லக்ராஞ்ச் ஏற்கவில்லை. ஃபூரியே விடவில்லை. 15 வருஷம் கழித்து, 1822-ல் புத்தகமாகவே கொண்டுவந்தார். 1830-ல் மறைந்தார்.

படத்தையும் அப்படி அலைகளாகப் பார்க்கலாம். நல்ல வீடியோ கேப்சர் கார்டு அதில் பொடி அலைகளை மட்டும் நீக்கிவிட்டுத்தான் சுருக்கும். மாப்பிள்ளை சட்டையும் தப்பிக்கும்!